செத்தவர் போட்ட விண்ணப்பம்

இது சத்தியமாக நடந்தது. எமனே வந்தாலும் தன் அனுமதி இல்லாமல் அந்த நிறுவனத்துக்குள் நுழைய முடியாது என்பார் கணினிப் பாதுகாப்பு அதிகாரி. ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டு ஒரு வேலையை ஏவ வேண்டுமானால் அவர் தலையசைக்க வேண்டும். தன் மேசைச் சாவியை மட்டும் அடிக்கடி தொலைத்துவிட்டுத் தேடுவார். ஆபீசில் அவர் பெயர் ‘பூட்டு’.

சம்பளப் பிரிவுக்காரர் ஒருவர், காய்ச்சலாகக் கிடந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டார். பூட்டு மறுத்தார். மனிதர் ஆபீசுக்கு வந்தார். உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அவருடைய கணினிக் கணக்கு மட்டும் திறந்தே கிடந்தது. கணக்குக்காரரே விண்ணப்பித்தால்தான் மூடலாம் என்பது விதி. அதை எழுதியவரும் பூட்டுதான்.

ஒரு மாதம் போயிற்று. விடிந்தால் தணிக்கை. செத்தவர் கணக்கு திறந்திருப்பது தெரிந்தால் பூட்டின் வேலை போய்விடும்.

பட்டப்பகல். ஆபீஸ் நிறைய ஆட்கள். டிங்... என்றது பூட்டின் திரை. செத்தவர் கணக்கிலிருந்து ஒரு விண்ணப்பம். ‘இறந்த ஊழியரின் கணக்கை மூடவும்.’

“யாரும்மா விளையாடுறது?”

உதவியாளர் எட்டிப் பார்த்தாள். “சார்... இது அவரோட கம்ப்யூட்டர்லேர்ந்து வருது சார்.”

“வரட்டுமே! செத்த பிறகும் விதிப்படி நடக்கிறாரு. உங்களுக்கெல்லாம் உயிரோட இருக்கும்போதே வரமாட்டேங்குது.”

முழுவதும் படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

திரை இருண்டது.

அவருடைய நாற்காலி சுட்டது... காய்ச்சல்காரர் இப்போதுதான் எழுந்து போனதுபோல.

கதவுக்கு ஓடினார். அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு.

மறுபடியும்... சிவப்பு.

போன் அடித்தது. மனைவி.

“யாரு... பேசுறது?”

“நான்தான்டி!”

“ஐயோ... நீங்க போயிட்டீங்கன்னு ஆபீஸ்லேர்ந்து இப்பதானே...”

பிறகு விசாரித்தார்கள். மூடப்பட்டது பூட்டின் கணக்கு. காரணம்: மரணம். அதை ஏவிய கணினி, காய்ச்சல்காரர் செத்த வாரமே உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்ட வெறும் பெட்டி. அதன்மேல் யாரோ பூந்தொட்டி வைத்திருந்தார்கள். செத்தவர் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது. பூட்டுக்கு வேலை இல்லை.

அவர் இறந்ததாக நிறுவனம் எல்லோருக்கும் அனுப்பிய இரங்கல் செய்திக்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது. அவர் கார் நிறுத்தும் இடம் இனி யாருக்கு என்று கேட்டிருந்தார்கள்.