நண்டிடம் வேண்டிக்கொண்ட அத்தை

எம்.ஏ. இங்கிலீஷில் எனக்கு ஒரே ஒரு அரியர் நின்றிருந்தது: மொழி வரலாறு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷை மனப்பாடம் செய்து எழுத வேண்டிய தாள். கல்யாணத்துக்கு முன்பே அதில் குப்புற விழுந்தவள் நான். இப்போது கைக்குழந்தை வேறு. நான் தற்காலிகமாகப் பாடம் நடத்திய பள்ளியில், ஜூன் மாதத்துக்குள் பட்டம் கைக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், ஆனால் சொல்லிவிட்டார்கள்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறார். அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்தக் கோடையில் அத்தை தக்காளி பறிக்கப் போவதை நிறுத்தினார். முழங்கால் வலி என்றார். வலிக்கிற காலோடு நாளெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அது எப்பேர்ப்பட்ட வலி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுநாளே தக்காளிக் காட்டுக்குக் கிளம்பியிருப்பார்.

பாடத்தில் என்னை அதிகம் படுத்தியது ஒரு சொற்கூட்டம். ஓடு மூடிய பிராணிகள், மேலே கெட்டிப்படும் பொருக்கு, நசுக்குவது எல்லாவற்றுக்குமான பழைய சொற்கள். நண்டுக்குக் கிராப்பா. அதே நண்டுக்கு ஹாவெர்ன் என்று இன்னொரு பெயர். சிங்கி இறாலுக்கு லாப்பெஸ்த்ரே. கடலே இல்லாத தர்மபுரியில் அதை நான் எங்கே போய்ப் பார்க்க? மரப்பட்டைக்கும் ரொட்டியின் மேல்தோலுக்கும் ரிண்ட். நசுக்குவதற்கு ப்ரீசான். களிச்சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டும்போது ரிண்ட் என்பேன். பூண்டைத் தட்டும்போது ப்ரீசான். அடுப்படியில் நின்றால் வரும். புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஓடிப்போய்விடும்.

அதனால் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்து, நான் சமைக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னேன். மாதா கோயிலில் மன்றாட்டு மாலை வாசிப்பவர் அவர்தான். புனிதர் பெயரை இழுத்து வாசித்து, ஜனங்கள் பதில் சொல்ல இடம் விட்டுப் பழகிய வாய். என் சொற்களையும் அதே ராகத்தில்தான் வாசித்தார்.

"கிராப்பா..."

நான் பொருள் சொல்வதற்குள், கூடத்தில் தூளி ஆட்டிக்கொண்டிருந்த அத்தை பக்தியோடு பதில் சொன்னார்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"ஹாவெர்ன்..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

லாப்பெஸ்த்ரேவிடமும் வேண்டியாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாடா சிரிப்பு?" என்று மகனைக் கேட்டார் அத்தை. "இவுங்கல்லாம் எந்த ஊரு புனிதருங்க? நான் கேட்டதே இல்லியே."

"நண்டும்மா," என்றார் வீட்டுக்காரர். "இங்கிலீஷ்கார நண்டு."

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஜெப விஷயத்தில் அத்தையிடம் விளையாட்டு செல்லாது. அத்தை தூளியை இன்னொரு ஆட்டு ஆட்டிவிட்டார்.

"போவுது வுடு. வேண்டுனது வேண்டுனதுதான். நம்ம புள்ள பாஸாவட்டும்."

நம்ம புள்ள என்றது என்னை. அன்று நான் எழுந்துபோய்க் குழம்பைக் கிளறியது கண்ணீரை மறைக்கத்தான். மறுநாளிலிருந்து அத்தை, நண்டு என்று தெரிந்தே பதில் சொல்ல ஆரம்பித்தார்.

பரீட்சை தர்மபுரியில். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுப் போக முடியாது என்று அத்தையும் குழந்தையோடு பஸ் ஏறினார். கேள்வித்தாளில் அந்தச் சொற்கூட்டம் வந்திருந்தது. சொற்கள் வீட்டுக்காரர் குரலில் வரிசையாக வந்தன; ஒவ்வொன்றின் பின்னாலும் அத்தையின் பதில். சிரித்துக்கொண்டே எழுதினேன். மேற்பார்வையாளர் சந்தேகத்தோடு என் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் அத்தை நின்றிருந்தார். ஜாக்கெட் வேர்வையில் ஊறியிருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப அழுதுச்சுங்களா அத்தை?"

"அழுதுச்சு. புட்டிய தொடவே இல்ல. வாச்மேன் உன்னைய கூட்டியாரட்டுமான்னாரு. வாணான்னுட்டேன். கூப்ட்டா நீ பாதியில எந்திரிச்சு வந்துருவ."

வந்திருப்பேன். நிச்சயமாக வந்திருப்பேன்.

பாஸாகிவிட்டேன், வேலையும் நிலைத்தது. பட்டச் சான்றிதழில் என் பெயரை மட்டும்தான் அச்சிட்டிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது போதவில்லை.