அட்டைப் படத்தில் ஒரு பீன்ஸ் கொடி

அச்சகத்தில் அவருக்குப் பெயர் பச்சை. முகத்துக்கு நேரே பச்சை அக்கா. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக வண்ணம் பார்க்கும் மேசை அவருடையது. வெள்ளை விளக்குக்குக் கீழே மூலப்படத்தையும் அச்சு மாதிரியையும் பக்கம் பக்கமாக வைத்து, சிவப்பு தூக்குகிறது, மஞ்சள் குறைகிறது என்று சொல்வது அவர் வேலை. ஓரத்தில் அவர் கையெழுத்து விழாத தாள் மெஷினில் ஏறாது.

பட்டப்பெயர் வந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன்னால் நகரத்து ஓவியக்கூடம் தோட்டப் படங்களை வைத்து ஒரு நாட்காட்டி போட்டது. அதில் ஒரு மரம் நீலமாக இருந்தது. சும்மா சாயல் இல்லை, பள்ளிச் சீருடை நீலம். பழைய பிலிமில் மஞ்சள் மங்கிப்போனால் பச்சை நீலமாகத் தெரியும். இது அக்காவுக்கு அத்துப்படி. பிலிம் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, அரை நாள் உட்கார்ந்து அந்த மரத்தை இலை இலையாகப் பச்சையாக்கினார். இரண்டாயிரம் பிரதி ஓடி முடிந்த பிறகுதான் ஓவியக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஓவியர் வரைந்ததே நீல மரம்தான்.

அத்தனையும் பழைய பேப்பருக்குப் போனது. முதலாளி கத்தவில்லை. "அம்மா, உங்க கண்ணை நான் குறை சொல்லல. ஆனா இன்னொரு தரம் நீங்களா ஒரு படத்தைத் திருத்தினீங்கன்னா, மேசையை விட்டுட்டுக் கட்டிங் பக்கம் போயிடுங்க" என்றார். கட்டிங் பக்கம் என்றால் நாள் முழுக்கத் தாளை அடுக்கித் தட்டி வெட்டுக்கத்திக்குக் கொடுக்கிற வேலை. வண்ணம் தெரிந்த கண்ணுக்கு அது சிறை.

அப்படியிருக்க, போன மாதம் அதே நீல மர ஓவியருடைய படங்களே மறுபடி வந்தன. அந்த அம்மாள் இப்போது உயிரோடு இல்லை. தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த நான்கு பாத்தித் தோட்டத்தையே நாற்பது வருடம் வரைந்தவர். ஓவியக்கூடம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைக்கிறது, சனிக்கிழமை திறப்பு. அதற்கான புத்தகம் நம் அச்சகத்தில். உள்பக்கங்கள் ஓடி முடிந்துவிட்டன. புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அட்டை மெஷினில் ஏற வேண்டும். மதியத்துக்குள் ஓடினால்தான் மை காய்ந்து, மேலே பளபளப்புத் தாள் ஒட்டி, நேரத்துக்குப் போய்ச் சேரும்.

அட்டைப் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. மஞ்சள் பரப்பு, அதில் மூன்று சிவப்புத் திட்டு, நடுவில் ஒரு வெள்ளைக் கம்பு, கம்பைச் சுற்றி ஏறும் கருப்புக் கோடு. தலைப்பு, 'பீன்ஸ்'.

அக்கா மாதிரித் தாளை விளக்கில் வைத்தார். நிறமெல்லாம் சரி. பேனாவைத் திறந்தார். மூடினார்.

"என்னக்கா, மை காயுது" என்றார் மெஷின்காரர். இருபது வருடமாக அக்காவிடம் கையெழுத்து வாங்குகிறவர்.

"தம்பி, இது தப்பாச் சுத்துது."

"எது?"

"கொடி."

மெஷின்காரர் தாளை ஒரு முறை பார்த்தார், அக்காவை ஒரு முறை பார்த்தார். "அக்கா, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. நீல மரம் ஞாபகம் இருக்கா?"

"உனக்குத்தான் மறக்கவே மாட்டேங்குதே."

அக்காவின் வீடு மூன்றாவது மாடி. பால்கனியில் எட்டு காலி மை டப்பா, எட்டிலும் பீன்ஸ். "எங்க வீட்ல பால்கனிக்குப் போகணும்னா கொடிகிட்ட அனுமதி வாங்கணும்" என்பார் அவர் கணவர். பேருந்து ஓட்டுநர், வழி மறிக்கிற எதையும் பிடிக்காது. ஒரு கொடி பக்கத்து வீட்டுத் துணிக்கயிற்றுக்குப் போகிறதே என்று அக்கா அதைப் பிரித்து எதிர்ப்பக்கமாகக் கம்பில் சுற்றி விட்டிருக்கிறார். மறுநாள் பார்த்தால் நுனி திரும்பித் தன் வழிக்கே வந்திருக்கும். பீன்ஸ் எத்தனை தலைமுறையானாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். எதிரே நின்று பார்த்தால், கம்புக்கு முன்னால் தெரிகிற துண்டு கீழே இடதிலிருந்து மேலே வலதுக்கு ஏறும். அட்டையில் இருந்த கோடு வலதிலிருந்து இடதுக்கு ஏறியது.

அப்படியென்றால் படமே இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. ஓவியரின் குடும்பம் கொடுத்தது ஒரு பழைய பிலிம் துண்டு. அதை மறுபுறம் கீழே வைத்து ஸ்கேன் செய்தாலும் படம் படமாகத்தான் தெரியும், கண்ணாடியில் தெரிவதுபோல. எழுத்து இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். இந்த அம்மாள் கையெழுத்தைப் படத்தின் முதுகில் போடுகிறவர். ஸ்கேன் செய்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் முதலாளியின் மைத்துனர் என்று பதில் வரும்.

முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நெற்றியைத் தடவினார்.

"அம்மா, மரத்தை நீலமாப் போட்டவங்க. கொடியை மட்டும் உட்கார்ந்து பார்த்தா வரைஞ்சிருப்பாங்க? மாடர்ன் ஆர்ட்டுங்க இது. எந்தப் பக்கம் சுத்தினா என்ன?"

நியாயமான கேள்வி. அக்காவுக்கும் அதே சந்தேகம்தான். போன தடவையும் செடியைத் தெரியும் என்ற தைரியத்தில்தான் கவிழ்ந்தார். ஒரிஜினல் ஓவியம் வேறு ஊரிலிருந்து பெட்டியில் வந்துகொண்டிருக்கிறது, நாளைக்குத்தான் பிரிப்பார்கள்.

"சார், பத்து நிமிஷம் கொடுங்க."

அச்சான உள்பக்கத் தாள்களை மேசையில் பரப்பினார். மெஷின்காரரும் குனிந்தார். தக்காளி ஊதா, வேலி இளஞ்சிவப்பு, கத்தரிக்காய் வெள்ளிநிறம். ஒரு நிறமும் உண்மை இல்லை. ஆனால் பூசணிக்குப் பற்றுக்கம்பி சுருளாக இருக்கிறது, வெங்காயத் தாள் நடுவில் மடிந்து தொங்குகிறது, கொடி ஏறுகிற படம் ஏழு.

"ஒண்ணு வலது. ரெண்டு வலது. மூணு வலது" என்று எண்ணிக்கொண்டே போனார் மெஷின்காரர். அவருக்கே சூடு பிடித்துவிட்டது. "நாலு, அஞ்சு, ஆறு... அக்கா."

ஏழாவது இடதுக்கு ஏறியது.

"அவ்வளவுதான்" என்றார் முதலாளி. "கையெழுத்தைப் போடுங்கம்மா, வேலையைப் பார்ப்போம்."

அக்கா லென்ஸை எடுத்து ஏழாவது படத்தின் மேல் கண்ணை வைத்தார். ஆரஞ்சு நிற இதய வடிவ இலை. கொடி நெடுக, குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள். எழுந்தார். ஓவியக்கூடத்துப் பொறுப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"மேடம், அம்பத்தி மூணாம் பக்கத்துப் படம் உங்க சுவர்ல மாட்டியாச்சா?"

"எதிர்லதான் நிக்கறேன். என்ன விஷயம்?"

"கொடி எந்தப் பக்கம் ஏறுது?"

"இடது பக்கம். ஏன்?"

"தண்டுல குட்டிக் குட்டியாக் கோடு இருக்கா?"

"இருக்கு. வயசான காலத்துல கை நடுங்கினது, அந்த நடுக்கத்தையே அழகாக்கிட்டாங்கன்னு கட்டுரையில எழுதியிருக்கோமே."

"அது நடுக்கம் இல்ல மேடம். முள்ளு. அது சிறுவள்ளிக் கொடி. கிழங்கு எடுக்கப் போனா கையைக் கிழிக்கும். அது பீன்ஸுக்கு எதிர்ப்பக்கம்தான் சுத்தும்."

மெஷின்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கட்டுரை ஓடி முடிந்த தாள்களில் இருக்கிறது.

"இந்தம்மா நிறத்துல இஷ்டத்துக்குப் பொய் சொல்வாங்க மேடம்" என்றார் அக்கா. "செடி எப்படி வளரும்ங்கறதுல ஒரு பொய் கூடச் சொல்லல. அட்டைப் படம் திரும்பியிருக்கு. மாத்தணும்."

"நாளைக்குப் பெட்டியைத் திறந்து அது அப்படி இல்லேன்னா?"

"கட்டிங் பக்கம் போறேன். என் பேரைச் சொல்லி முதலாளி உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாரு."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போனில் குரல் வந்தது. "திருப்பிப் போடுங்க."

படத்தைத் திருப்பிப் போட்ட புது அச்சுத் தகடு ஒரு மணி நேரத்தில் தயாரானது. அக்கா மாதிரித் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார், வழக்கத்தைவிடப் பெரிதாக. மெஷின் ஓடியது.

வியாழன் மதியம் வரை முதலாளி அக்காவின் மேசைப் பக்கமே வரவில்லை. இரண்டு மணிக்கு அவர் அறையில் போன் அடித்தது. மெஷின்காரர் சுவிட்சை அணைத்தார், காது கேட்பதற்காக. அக்கா மட்டும் ஒரு பிஸ்கட் அட்டையின் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கதவைத் திறந்தார். "வலதுக்குத்தான் ஏறுதாம்."

"நான்தான் சொன்னேனே" என்றார் அக்கா. "சார், இந்த பிஸ்கட் கருகின மாதிரி இருக்கு. சிவப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

"மைத்துனரையே கட்டிங் பக்கம் அனுப்பிடலாமா?" என்று மெஷின்காரர் மெஷினைப் பார்த்துக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கணவரோடு கண்காட்சிக்குப் போனார். சிறுவள்ளிப் படத்துக்குப் பக்கத்துக் குறிப்பில் ஒரு வரியின் மேல் புதிதாகக் காகிதம் ஒட்டி, 'முட்கள்' என்று திருத்தியிருந்தார்கள். அடுத்த அறையில், தனிச் சுவரில், நீல மரம்.

"இதுதான் உன்னைக் கவுத்த மரமா?"

"இதேதான்."

கணவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பச்சையா இருந்தா இன்னும் நல்லாருக்கும்ல?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. "ரெண்டாயிரம் தரம் பார்த்தேனே."