படம் இருந்தால்தான் பிள்ளை

போட்டோக்களை கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிற வேலையில் ஒரே ஒரு சௌகரியம், உட்கார்ந்தே செய்யலாம். மற்றதெல்லாம் பாடுதான். ஸ்கேனர் வெளிச்சத்தில் கண்ணெரிந்தவர்களும், "சேவ் பண்ணிட்டேனா இல்லையா" என்று பஸ்ஸில் பாதி வழி போய்த் திரும்பி வந்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

தொண்ணூறுகளில் ஏற்காட்டில் ஒரு பெண்கள் போர்டிங் ஸ்கூலில் நான் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, விசைப்பலகையைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால் அதை என் மேஜையில் வைத்தார்கள். ரோஸ்லின் என்ற என் பெயர் அன்றோடு போயிற்று. வாட்ச்மேன் முதல் பெற்றோர் வரை எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டரம்மா.

பம்பாய் மாமா

எங்கள் பள்ளியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவுட்டிங். வீட்டிலிருந்து யாராவது வந்து கையெழுத்துப் போட்டு, பிள்ளையை வெளியே கூட்டிப்போய், சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுவந்து விடவேண்டும். ஒரு ஞாயிறு பம்பாயிலிருந்து ஒரு மாமா வந்தார். "பிரியாவை அனுப்புங்க" என்றார். எங்களிடம் நாலு பிரியா. கைக்குக் கிடைத்த பிரியாவை அனுப்பி வைத்தோம். மாமா தன் அக்கா மகளைக் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்தவர். அவருக்கு எந்த பிரியாவும் பிரியாதான்.

ஏரியில் போட்டில் ஏற்றி, மிளகாய் பஜ்ஜியும் ஐஸ்கிரீமும் வாங்கிக்கொடுத்து, நாலரை மணிக்கு அவர் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அவருடைய சொந்த பிரியா வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மதருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. ஊர் சுற்றி வந்த பிரியாவைக் கூப்பிட்டு, "தெரியாத ஆளுன்னு ஏன் சொல்லலை?" என்று கேட்டார். அவள் நிதானமாக பதில் சொன்னாள்.

"அவரு என்னை யாருன்னே கேக்கலைங்க மதர். என்ன வேணும்னுதான் கேட்டாரு."

பாஸ்போர்ட் சைஸ்

மறுநாளே மதர் சட்டம் போட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா, அம்மா, கார்டியன் என்று மூன்று பேருடைய போட்டோவும் கம்ப்யூட்டரில் இருக்கவேண்டும். அவுட்டிங் அன்று வந்த ஆளின் முகத்தைத் திரையில் இருக்கிற முகத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் அனுப்பவேண்டும். படம் இருந்தால்தான் பிள்ளை, இல்லையென்றால் இல்லை. யார் ஒத்துப் பார்ப்பது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்குத் தெரியும்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று தெளிவாக சர்க்குலர் அடித்து அனுப்பினேன். கல்யாண போட்டோவை வெட்டி அனுப்பினார் ஒருவர். பாதி மாலை, பக்கத்தில் யாருடையதோ ஒரு மருதாணிக் கை. இன்னொருவர் எஸ்டேட் ஆட்கள் நாற்பது பேர் நிற்கிற குரூப் போட்டோவை அனுப்பி, பின்பக்கம் 'நான் கடைசி வரிசையில் தெரிகிறேன்' என்று எழுதியிருந்தார். தெரியவில்லை. ஒருவர் ஸ்டுடியோவில் வரைந்த ஏரோப்ளேன் பக்கத்தில், முகத்தில் பாதியை மறைக்கிற கூலிங் கிளாஸோடு நின்றிருந்தார். வேறு படம் கேட்டு எழுதினேன். ஆள் நேரிலேயே வந்துவிட்டார், அதே கண்ணாடியோடு.

"இதக் கழட்டுனா எம் புள்ளைக்கே என்னை அடையாளம் தெரியாதுங்க."

நாற்பத்தேழு

தபாலில் போடாமல் படத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது ஒரே ஒரு அம்மாதான். அஞ்சாம் வகுப்பு சுகன்யாவின் அம்மா பரிமளா. என் பட்டியலில் சுகன்யா நாற்பத்தேழாம் நம்பர். அப்பா சேலத்தில் லாரி வைத்திருப்பவர். பரிமளா மலைமேலேயே செம்மநத்தத்தில் எஸ்டேட் கணக்கெழுதுகிற ஒரு ரைட்டரின் மகள். கணவரோடு ஒத்துவராமல் அப்போது பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புதிதாக எடுத்த படத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஸ்கேனர் வெளிச்சம் ஓடி முடிகிறவரை என் நாற்காலி பக்கத்திலேயே நின்றார். திரையில் முகம் வந்ததும் தொட விரலை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, உள்ள போயிருச்சுங்களா? இனி யாரு சொன்னாலும் வெளிய எடுக்க முடியாதுங்களே?"

கம்ப்யூட்டர் என்றால் சும்மாவா என்கிற திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது. "நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் முடியாதுங்க" என்று சொன்னேன். அவர் வெறும் கைக்குட்டையை நாலாக மடித்தார்.

"அது போதுமுங்க. இந்த ஸ்கூல்ல மட்டுந்தானுங்க நான் எம் புள்ளைய பாக்க முடியும்."

சேலத்து ஆளின் தீர்ப்பு

படங்களை எப்படி வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டேட்டாபேஸில் பிள்ளையின் பெயர், வகுப்பு, ஊர் எழுதுகிற கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, முழுப் படத்தையும் அதற்குள்ளேயே திணித்தேன். முதல் ஐம்பது படம் வரை ஜோராக இருந்தது. நூறு தாண்டியதும் திறக்கவே நேரம் எடுத்தது. ஐந்நூறில், நாற்பத்தேழாம் நம்பரைக் கேட்டுவிட்டு ஒரு டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரலாம். எழுநூறு தாண்டிய பிறகு ஒரு காலை, இந்த ஃபைலை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று அதுவே இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. அடையாளம் கண்டுபிடிக்க வாங்கிய மிஷின் அது. எனக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது.

சேலத்திலிருந்து சரிபார்க்க ஒருவரை வரவழைத்தோம். அடிவாரத்தில் ஏறினவர் கொண்டைஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஒரு சோடா குடித்துவிட்டு என் வேலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், பீரோவுக்குள்ள துணிய வெக்கலாமுங்க. ஊட்டையே வெச்சா கதவு சாத்துமுங்களா?"

மொட்டை

அவர் சொல்லிக் கொடுத்தபடி, படங்களை எல்லாம் தனியாக ஒரு ஃபோல்டரில் நம்பர் போட்டு வைத்து, டேட்டாபேஸ் கட்டத்தில் அந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற விவரத்தை மட்டும் எழுதினேன். கட்டத்தைத் தொட்டால் அது போய்ப் படத்தை எடுத்துவந்து காட்டும். அதற்காக எழுநூறு படங்களையும் மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்தேன். மே மாதம், ஊரே பூக்கண்காட்சி பார்க்க மலையேறி வந்திருந்த நேரம். நான் பார்த்த பூவெல்லாம் அம்மாக்கள் தலையில் வைத்திருந்ததுதான்.

ஜூன் மாத அவுட்டிங்குக்கு ஆத்தூரிலிருந்து ஒரு அப்பா வந்தார். திரையில் சுருட்டை முடியும் கெடா மீசையுமாக ஒருவர். எதிரில் பழனிக்குப் போய் வந்த மொட்டை, சந்தனம் கூடக் காயவில்லை. மகளைக் கூப்பிட்டேன். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள். வாட்ச்மேன் சவரிமுத்து அண்ணன் திரையில் முடிமேல் ஒரு உள்ளங்கை, மீசைமேல் ஒரு விரல் வைத்து மறைத்து, "இப்ப பாருங்க" என்றார். நான் பார்க்கக் குனிந்தபோது கரண்ட் போய்விட்டது. வரிசையில் பின்னால் முப்பது பேர். அந்த மனிதர் மொட்டையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"முருகனுக்கு முடியத்தானுங்க குடுத்தேன், புள்ளையையுமா குடுத்தேன்?"

சாம்பல் கட்டம்

அடுத்த மாதம் சுகன்யாவின் அப்பாவிடமிருந்து மதருக்குக் கடிதம். 'என் மகளை அவள் தாயாருடன் வெளியே அனுப்பக்கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து தாயார் படத்தை எடுத்துவிடவும்.' மதர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். "பிள்ளையைச் சேர்த்தது அவர். நாம கேட்டுத்தான் ஆகணும்" என்று என்னிடம் கொடுத்தார். பரிமளா கொடுத்த காகிதப் படம் அன்றைய தபாலிலேயே அப்பாவுக்குத் திரும்பிப் போயிற்று.

வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மதரிடம் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம். நாற்பத்தேழாம் வரிக்குப் போனேன், அம்மா கட்டத்தில் இருந்ததை அழித்தேன், சேவ் செய்தேன். படம் இருந்த இடம் சாம்பல் நிறமாயிற்று. எழுநூறு படம் ஏற்ற ஒரு மே மாதம் பிடித்தது, இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிறு பரிமளா பை நிறைய கமலா ஆரஞ்சோடு வந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் சண்டை போடவில்லை. வெளியே போய் கேட்டுக்கு எதிரில் இருக்கிற சில்வர் ஓக் மரத்தடியில் ஐந்து மணி வரை நின்றார். ஆரஞ்சை சவரிமுத்து அண்ணன் வாங்கி உள்ளே கொடுத்தார். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் ஜன்னலருகே வந்தார்.

"நீங்க அதே நாற்காலியிலதானுங்களே இருக்கறீங்க?"

ஒரு பொய்

அதற்குப் பிறகும் ஒவ்வொரு அவுட்டிங்குக்கும் வந்தார். அதே மரம், அதே பை. நான் தலையைத் தூக்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் சுகன்யா சாக்பீஸ் வாங்குகிற சாக்கில் ஆபீஸுக்கு வந்து, "மிஸ், எங்கம்மா உள்ள இருக்காங்களா?" என்று கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டாள். "இருக்காங்க கண்ணு" என்று சொல்லிவிட்டேன். காட்டச் சொன்னாள். மிஷின் சூடாக இருக்கிறது, நாளைக்கு வா என்றேன். நம்பிக்கொண்டு போனாள். ஒரு குழந்தையிடம் இப்படிப் புளுகிவிட்டோமே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், படங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்து நம்பர் நம்பராகப் பார்த்துக்கொண்டே போனேன். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு அப்பா. அடுத்தது நாற்பத்தேழு அம்மா.

நான் அழித்தது படம் எங்கே இருக்கிறது என்கிற விவரத்தைத்தான். படத்தைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்திருக்கிறது. திறந்தேன். பரிமளா புது ஜாக்கெட்டில் நேராக என்னைப் பார்த்தார். மறுநாள் சுகன்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள்.

"மேல ஜன்னல்ல இருந்து பாத்தா மரத்தடியில அம்மா தலை மட்டுந்தான் மிஸ் தெரியும். மூஞ்சி எனக்கு மறந்துட்டே வந்துச்சு."

புதுக் கட்டம்

மதர் கூப்பிடாமல் மதர் அறைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. நாற்காலி வாக்கு முதல் சாக்பீஸ் வரை ஒன்று விடாமல் சொன்னேன். மதர் எழுந்து என் மேஜைக்கு வந்து, திரையைப் பார்த்தார்.

"நான் எடுக்கச் சொன்னேனே?"

"எடுத்தேன் மதர். போகலை."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மதர் இன்னொரு தடவை அந்தக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். விரல் வைத்துப் படித்தார். "வெளிய அனுப்பக்கூடாதுன்னு எழுதியிருக்கார். பார்க்கக்கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கார்?" என்று என்னைக் கேட்பதுபோல் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு, அப்பா, அம்மா, கார்டியன் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொன்று போட முடியுமா என்றார். முடியும் என்றேன். அதற்கு 'பார்க்க மட்டும்' என்று பெயர் வைக்கச் சொன்னார். படத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறாரே என்று நான் இழுத்தேன்.

"அவருக்கு நான் எழுதிக்கிறேன். நீ கட்டத்தைப் போடு."

மதர் எழுதினார். சுகன்யாவின் அப்பா பதில் போடவில்லை. அந்த வருஷக் கடைசிக்குள், அதுவரை கேட்டோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த தாத்தாக்களும் கல்யாணமான அக்காக்களுமாகப் புதுக் கட்டத்தில் அறுபது பேர் சேர்ந்தார்கள்.

ஒரு மணி நேரம்

அடுத்த அவுட்டிங் ஞாயிறு, மரத்தடியில் நின்ற பரிமளாவை சவரிமுத்து அண்ணன் போய்க் கூப்பிட்டார். அவர் நம்பாமல் பையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தார். பார்லர் என்று நாங்கள் சொல்கிற பார்வையாளர் அறையில் ஒரு மணி நேரம். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. அம்மா ஆரஞ்சு உரித்து, சுளையில் ஒட்டிய நாரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மகள் அம்மா முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாங்கி வாங்கித் தின்றாள்.

மணி அடித்ததும் பரிமளா என் மேஜைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"அன்னிக்கு உங்கள மனசுக்குள்ள நொம்ப வைஞ்சுட்டேனுங்க, கம்ப்யூட்டரம்மா. படம் உள்ளயேதான் இருந்துச்சுன்னு பாப்பா இப்பத்தானுங்க சொன்னா. யாரு சொல்லியும் கேக்காம, சொன்ன சொல்லு மாறாம உள்ளயே வெச்சிருந்திருக்கறீங்க."

அத்தனை வருஷம் அத்தனை முகங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவள் என்று மலையில் எனக்கு நல்ல பெயர்தான், ஆனால் அதில் உருப்படியாகக் காப்பாற்றிய ஒன்று, நான் அழித்ததாக நினைத்து ஒழுங்காக அழிக்கத் தெரியாமல் விட்டது.