பரம்புக்கு நான் போட்ட சிவப்புக் கோடு

திருகு என்று ஒன்று கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது.

டிராக்டரின் பின்னால், சேற்றை நிரவும் பரம்புப் பலகையைத் தாங்க இரண்டு இரும்புக் கைகள் உண்டு. வலது கையில் ஒரு திருகு. சுற்றினால் பலகையின் வலது முனை ஏறும், இறங்கும். மீனாட்சிபுரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே மட்டம் பிடித்து ஓட்டிவிடுகிறார்கள். எனக்குக் கழுத்து வலி. அதைவிடப் பெரிய வலி, எல்லோரும் செய்வதையே நானும் செய்வது.

ஆகவே ஒன்று கண்டுபிடித்தேன். வண்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பலகைமேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை திருகைச் சுற்றினேன். அந்த இடத்தில், தண்டில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. இனி கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும், பலகை மட்டம். குமிழி அசையாமல் நின்ற கணத்தில் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. மாடுகள் பார்த்தன என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாள் வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர். நாற்று முற்றத் தொடங்கியிருந்தது, அடுத்த முறைவரை தாங்காது. அதற்கடுத்த நாள் விடிந்தால் நடவுக்குப் பெண்கள் வந்துவிடுவார்கள்.

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "ஏனுங்க, நான் ஒரு ஓட்டு ஓட்டித் தரட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. நம்ம வண்டி இப்பக் கோட்டு மேல ஓடுது."

வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓட்டினேன். தண்ணீர் நடுவில் கூடுவதைப் பார்க்கத்தான் செய்தேன். கோட்டையும் பார்த்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோட்டை நம்பினேன்.

இறங்கும்போது வயல் தோசைக்கல்லாகியிருந்தது. நடுவில் முழங்கால் தண்ணீர், ஓரமெல்லாம் மேடு.

என் மனைவி வரப்பில் வந்து நின்று வயலை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எங்க நிறுத்தி மட்டம் பாத்தீங்க?"

"மாட்டுக் கட்டுத்தரைலதான். நம்மூட்ல வேற எங்க சிமெண்டு இருக்குது?"

"கழுவற தண்ணி நிக்காம ஓடோணும்னு அதைச் சாச்சுப் போட்டது ஆருங்க?"

நான்தான். கயிறு பிடித்து நானே போட்ட சரிவு. நல்ல சரிவு, ஒரு சொட்டு நிற்காது. சாய்ந்த வண்டியில் நேராக நின்ற பலகை, வயலில் வண்டி நேரானதும், நடுவைப் பார்த்த வலது முனை அழுந்தி, சுற்றுக்குச் சுற்று நடு மண்ணை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது.

திருகை மாற்றி மறுபடி ஓட்டலாம் என்றேன். ஓரத்துச் சேறு அதற்குள் இறுகிவிட்டது. மடையும் அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டது.

"கணுக்கால் தண்ணி நிக்கற எடத்துல மட்டும் நட்டுக்கலாமுங்க," என்றாள். அதற்குப் பதில் கோபப்பட்டிருக்கலாம்.

காலையில் பெண்கள் மேட்டையும் பள்ளத்தையும் விட்டு, இரண்டுக்கும் இடையில் இருந்த வளையத்தில் நட்டார்கள்.

"ஏனக்கா, நேரா நட்டுத்தான் பழக்கம். இதென்ன கோயலச் சுத்தறாப்ல சுத்த உடறீங்க?"

"சாமி வரப்புல நிக்குது பாருங்க, கும்பிட்டுக்குங்க," என்றாள் என் மனைவி.

சாமி, மிஞ்சிய நாற்றுக்கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு பக்கத்து வயலுக்குப் போனது. வயல்காரர் வாங்கி வைத்துவிட்டு, சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"உங்க வயல்ல நடுவால தண்ணி நல்லா நிக்குதுங்களே. நம்ம வாத்துகள உடட்டுங்களா?"

"உடுங்க," என்றேன்.