ஒரே நாளில் ஆறு பதிவு

சின்னமனூரில் நான் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். வரவேற்பில் என் நாத்தனார். நாள் முழுக்க போனில் நேரம் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். அதனால் ஆன்லைன் முன்பதிவு வைக்கலாம் என்று இரண்டு செயலிகளைப் பார்த்தோம். ஒன்று பார்வைக்கு அழகு. ஆங்கிலம் மட்டும், பதிவானதும் மெயில் அனுப்பும். மற்றது பழைய தோற்றம். ஆனால் போனுக்கே தமிழில் செய்தி வரும். எனக்கு முதலாவது பிடித்திருந்தது. அவளுக்கு இரண்டாவது.

"சரி மதினி, ஒங்களுதையே மொதல்ல ஓட்டிப் பாப்போம்" என்றாள்.

அடுத்த வாரம் முன்பதிவுப் பட்டியலைத் திறந்தால், ஒரு நாள் காலை முழுக்க ஒரே பெயர். மார்க்கையன்கோட்டையில் வாழை போட்டிருப்பவர், முழங்கால் வலிக்காக வருபவர். தவறுதலாக இருக்கும் என்று நாத்தனார் அவரைக் கூப்பிடுவதற்குள் கிளினிக் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து அவர் மகன்.

"மேடம், அப்பாவுக்கு என்னாச்சு? ஒரே நாள்ல ஆறு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்காக."

அப்பா போனில் இருப்பது மகன் திறந்து கொடுத்த மெயில் கணக்கு. அப்பா அதைப் பார்ப்பதே இல்லை, மகன் பார்க்கிறான். பயப்பட ஒன்றுமில்லை, அப்பாவையே பேசச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவர் வந்ததும் விசாரித்தேன். பட்டனை அமுக்கியும் போனுக்கு எந்தச் செய்தியும் வராததால், பதிவாகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். மகன் பேசினதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"வலின்னு அவன்கிட்ட சொல்லவே இல்லம்மா. சொன்னா தோட்டத்துக்குப் போகாதீகம்பான்."

சொல்வதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டேன். சிறிது நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை மகன் வருவதாகச் சொன்னார்.

அன்று மாலையே இரண்டாவது செயலிக்கு மாறினோம். நாத்தனார் தன் போனிலிருந்து வேண்டுமென்றே பலமுறை அமுக்கிப் பார்த்தாள். ஒரு பதிவைத்தான் ஏற்றது. உடனே தமிழில் செய்தியும் வந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். தோட்டத்துப் பேச்சு இன்னும் முடியவில்லை போலிருந்தது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். காலை எப்படி மடக்கி நீட்ட வேண்டும் என்று நான் காட்டியபோது மட்டும் மகன் எழுந்து பக்கத்தில் வந்து, அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டான்.