திருவிருந்தில் கடைசி ஆள்

எழுதலாமா வேண்டாமா என்றே பல வருடங்களைக் கழித்துவிட்டேன். எழுதினால் எங்கள் சபையாருக்கு வருத்தம். எழுதாவிட்டால் மண்ணுக்குள் இருக்கிற என் மனைவிக்கு அவமானம். சபையார் வருத்தப்பட்டுக்கொள்ளட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசிப் பக்கம் ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளோடு குடியிருந்தோம். அவள் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினாள். காற்றில் லேபிள் பறந்துவிடும் என்று சன்னலைச் சாத்தியே வைப்பாள். அடுப்பும் அதே அறையில்தான். மெழுகில் தோய்த்த கழிவுக் குச்சிகளைத் தீப்பெட்டிக் கம்பெனியில் சும்மா கொடுப்பார்கள். விறகு மிச்சம் என்று தெருவே அதைத்தான் எரித்தது. சுவரில் கை வைத்தால் கரி பிசுபிசுக்கும்.

அவளுக்கு இருமல் பிடித்தது. எங்கள் சபைக் கோயிலில் பெண்கள் பக்கம் பாதிப்பேர் இருமுவார்கள். இவள் இருமல் பலத்துக் கேட்கும். அதை வைத்தே டி.பி. என்று முடிவுகட்டிவிட்டார்கள். திருவிருந்தில் திராட்சரசத்தை நாங்கள் எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தான் குடிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை மூப்பரின் மனைவி இவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏத்தா, நீ கடைசியா வா. நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க."

"ஏன், நான் வளக்கிறது பூனைக்குட்டியாக்கா?"

கேட்டாளே தவிர, கடைசியில்தான் போய் நின்றாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளியைச் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள்.

"டி.பி. இல்ல. புகைதான் நெஞ்சைக் கெடுத்திருக்கு. சன்னலத் தொறந்து வைங்க. அந்தக் குச்சிய எரிக்காதீக," என்றார் நர்சம்மா.

"தொறந்தா லேபிளெல்லாம் ஆமத்தூருக்குப் பறந்துருமே. நீங்க பொறக்கிட்டு வாறீகளா?" என்று சிரித்தாள் இவள். டி.பி. இல்லை என்ற சந்தோஷம்.

குச்சியை நிறுத்தினோம். சன்னலையும் திறந்தோம். பக்கத்து வீட்டுப் புகை உள்ளே வந்தது.

மூப்பரிடம் போய், ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன்.

"சரிதான் தம்பி. ஆனா சனங்க மனசு ஒப்பணுமே. பொறுங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அடுப்படியில் அவர் மனைவி இருமிக்கொண்டிருந்தாள். அவர் காதில் அது விழவில்லை.

பொறுத்தோம். இரண்டு மழைக்காலம் போய், மூச்சு முட்டியே என் மனைவி செத்தாள். அதுவரைக்கும் கடைசியாகத்தான் குடித்தாள். அடக்கத்தில் மூப்பர், "இந்தப் பொல்லாத தொத்து வியாதியிலிருந்து விடுவித்தீரே, ஸ்தோத்திரம்" என்று ஜெபித்தார். நான் ஆமென் சொல்லவில்லை. கர்த்தர் என்னை மன்னிப்பார். அவருக்கு அவள் நெஞ்சு தெரியும்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையையும் மாற்றாமல் சொல்லுங்கள். அவள் எதனால் செத்தாள் என்று கேட்டால், புகை என்று சொல்லுங்கள்.