மருந்துச் சட்டி கேட்கப் போனவள்

இலையுதிர்காலம் பிறந்ததும் பிடித்த இருமல், மரங்களெல்லாம் மொட்டையான பிறகும் ஷியூயுனை விடவில்லை. இருமுவதற்கே அவளுக்கு அலுப்பாக இருந்தது. சீனாவின் லான்ஜோவில், மஞ்சள் ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாட்டுக்கறி நூடுல்ஸ் கடையில் வேலை. விடிவதற்குள் போய் வெள்ளை முள்ளங்கியை மலைபோல் சீவிக் குவிக்க வேண்டும். அப்புறம் கிண்ணம் கழுவ வேண்டும், கழுவி முடிப்பதற்குள் அடுத்த அடுக்கு வந்துவிடும். கணவன் லியாங் செத்து இரண்டு வருடம் ஆகிறது. காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்து நின்றவள் இவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சரியான நெஞ்சழுத்தக்காரி என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்தானே.

"சூப்புப் பானை பக்கத்துல நின்னு இருமினா எவன் சாப்பிட வருவான்? முதல்ல போய் வைத்தியரைப் பாரு" என்று முதலாளி விரட்டினான். அதனால்தான் அவள் வைத்தியர் பாங்கிடம் போனாள்.

பாங் அவள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"உனக்கு உலோகம் தளர்ந்து கிடக்கும்மா."

"உலோகமா? நெஞ்சுக்குள்ள நான் என்ன இரும்புக் கடையா வச்சிருக்கேன்?"

"கிண்டலா பண்றே? மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணி, அஞ்சும் உடம்புக்குள்ள இருக்கு. நுரையீரல்தான் உலோகத்தோட வீடு. துக்கம் வந்தா அதைத்தான் போய் அரிக்கும். வெள்ளையா இருக்கிறதைச் சாப்பிடு. லில்லிக் கிழங்கு, பேரிக்காய், முள்ளங்கி."

ஷியூயுனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது.

"லில்லிக் கிழங்கு விளையுற மலையிலதான் ஐயா நான் பொறந்தேன். கல்யாணம் ஆகுற வரைக்கும் அதைத் தோண்டுனேன். இப்ப முள்ளங்கி சீவுறேன். இதுக்கு மேல வெள்ளைக்கு நான் எங்க போக?"

"தோண்டுனே, சீவுனே, சரி. சாப்பிட்டியா?"

மலையில் விளைந்ததெல்லாம் சந்தைக்குப் போனது. கடையில் மிஞ்சுவதைத் தின்னவும் அவளுக்கு நாக்கு செத்துக் கிடந்தது.

"மண்ணுதான் உலோகத்துக்குத் தாய். மண்ணுன்னா வயிறு. வேளாவேளைக்குச் சாப்பிடு, தாய் தேறினா பிள்ளையும் தேறும். இன்னொண்ணு சொல்றேன் கேளு. உலோகத்துக்குன்னு ஒரு சத்தம் இருக்கு, அழுகை. அதை அடக்கி வச்சா இருமலாத்தான் வரும். நீ கடைசியா எப்ப அழுதே?"

"அதுக்கும் ஒரு கஷாயம் இருந்தா சேர்த்துக் கட்டிக் குடுங்க."

பாங் சிரிக்கவில்லை. பொட்டலத்தை நீட்டி, "மண்சட்டியிலதான் காய்ச்சணும். இரும்பு படவே கூடாது" என்றார்.

அங்கேதான் சிக்கல். அவர்கள் சந்தில் மருந்துச் சட்டியை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள், கூடவே நோயையும் வாங்கிய மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் பொதுவாக ஒரே சட்டி வீடு வீடாகச் சுற்றிவரும். வைத்திருப்பவர்கள் தாமாகக் கொண்டுபோய் யாருக்கும் கொடுக்கக் கூடாது, நோயைச் சுமந்துபோய் அவர்கள் வாசலில் வைத்தது போல ஆகிவிடும். யாருக்கு முடியவில்லையோ அவர்கள் வீட்டிலிருந்து வந்து கேட்டு எடுத்துப் போக வேண்டும்.

சட்டி கடைசியாகப் போனது அடுத்த வீட்டு நியே அக்காவிடம். நடுவில் ஒரு சுவர்தான். இரண்டு வருடத்துக்கு முன்பும் சட்டி அவளிடம்தான் இருந்தது. லியாங் இரவும் பகலும் இருமியபோது அந்தச் சுவருக்கு அப்பால் நியே அக்காவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று சட்டியைக் கொண்டுவந்து வைப்பாள் என ஷியூயுன் காத்திருந்தாள். வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது கை மீறிவிட்டது என்றார்கள். சாவுக்கு வந்து நின்ற நியே அக்காவைப் பார்த்து ஷியூயுன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தோடு பேச்சு நின்றது.

இப்போது பொட்டலத்தை வைத்துக்கொண்டு தன் வாசலில் நின்றாள். பேசாமல் இதைக் குப்பையில் போட்டுவிட்டுப் படுக்கலாமா என்று தோன்றியது. அப்படியே படுத்து எழுந்திருக்காமல் போனாலும் நல்லதுதான் என்றும் தோன்றியது. அந்த நினைப்பு அவளைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தாததுதான் பயமாக இருந்தது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த நியே அக்காவுக்குப் பொட்டலத்தைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது.

"சட்டி வேணும்."

"உனக்கா?"

"பின்ன யாருக்கு? எங்க வீட்டுல வேற யார் இருக்கா?"

நியே அக்கா உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தாள். தூசி விழாமல் அதன் வாயில் துணி கட்டி வைத்திருந்தாள். கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ இதைக் கேட்டு வந்துடவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்டி. நீ இருமுறது எனக்குக் கேக்காமலா இருக்கு?"

"அவர் இருமுனதும் கேட்டுச்சுல்ல? அப்பக் கொண்டுவந்து வச்சிருக்கலாம்ல?"

"வச்சு, அவருக்கு ஒண்ணு ஆகியிருந்தா? நான்தான் நோயைக் கொண்டுவந்தேன்னு நீயே என்னைச் சபிச்சிருப்பே."

"வைக்காமலே போயிட்டாரே!"

"பக்கத்து வீடுதானே ஷியூயுன். நீ ஏன் வந்து கேக்கலை?"

எல்லார் மேலும் இருந்த கோபத்தில் இந்தக் கேள்வியை ஷியூயுன் தன்னிடம் கேட்டதே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டா, அவருக்கு நிஜமாவே முடியலைன்னு ஆயிடும்க்கா. கேக்காத வரைக்கும் வெறும் இருமல்தான்னு இருந்துட்டேன்."

நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஏறியது. இருமல் என்றுதான் நினைத்தாள். வந்தது அழுகை. வெட்கமில்லாத, சந்து முழுக்கக் கேட்கிற அழுகை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

நியே அக்கா அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். அவள் கையிலிருந்த பொட்டலத்தை உருவி, பிரித்துச் சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

"கதவைச் சாத்திட்டேன். நிதானமா அழு. இது ஊறவே அரை மணி நேரம் ஆகும்."